அன்பியம் பொறுப்பு எடுத்துக்கச் சொல்றாங்க, என்னால முடியுமான்னு தெரியல

கடலோரம்86 கேட்டது:

இயேசுவுக்கே புகழ், எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சுட்டு போறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம் கடற்கரை ஊர். ஒம்போது வருஷமா சென்னைக்கு வெளிய வாடகை வீட்டுல இருக்கோம். எனக்கு குடோன்ல ஷிப்ட் வேலை, வீட்டுல அவங்க நர்ஸ், பொண்ணு மூணாவது படிக்கிறா, அடுத்த வருஷம் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்குவா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு போவோம், கடைசி பெஞ்சுல உக்காருவோம், பூசை முடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டு வந்துருவோம், பங்குல, அதாவது எங்க கோயில் வட்டாரத்துல, எங்க மூஞ்சி தெரிஞ்சவங்களே பத்து பேர் இருந்தா அதிகம்.

போன ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சதும் ஃபாதர் கைதட்டி கூப்பிட்டாங்க. அன்பியம்னா பங்குல பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து செபிக்கிற சின்ன குழு, எங்க அன்பியத்துல 32 குடும்பம், ஒருங்கிணைப்பாளரா இருந்த அங்கிளுக்கு பைபாஸ் ஆயிருச்சு, படி ஏற முடியல, அஞ்சு மாசமா கூட்டமே நடக்கல. "நீ எடுத்துக்கோப்பா" அப்டின்னு ஃபாதர் சொன்னதும் எனக்கு வாய் வரல, அடுத்த வாரம் சொல்றேன் ஃபாதர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பயம் எதுக்குன்னா, ஒண்ணு நேரம், ஷிப்ட் வாரா வாரம் மாறும். இன்னொண்ணு எனக்கு நாலு பேர் முன்னாடி சத்தமா செபம் சொல்லவே வராது, அதுவும் போக வேலைக்கு வந்த புதுசுல நாலஞ்சு வருஷம் கோயில் பக்கமே போகாம இருந்தவன் நான், அது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மூணாவதுதான் பெருசு. எங்க அப்பா ஊர்ல திருவிழா கமிட்டில இருந்தாங்க, கணக்குல ஏதோ பேச்சு வந்து சொந்த அண்ணன் தம்பிக்குள்ள பிரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அப்பா கோயில் படி ஏறல. அம்மா மட்டும் எங்களை கூட்டிட்டு போவாங்க, பூசைக்கு மணி அடிக்கிற நேரத்துல அப்பா திண்ணையில உக்காந்து வேற பக்கம் பாத்துட்டு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

பூசைக்கு ஒழுங்கா போறது, நேர்மையா வேலை பாக்கிறது, பிள்ளைய நல்லா வளக்கிறது இது போதாதா? இல்ல இதையும் செய்யணுமா? அனுபவம் உள்ளவங்க உண்மைய சொல்லுங்க.


சாக்பீஸ்_டீச்சர்:

தம்பி, நான் 14 வருஷமா ரெண்டாங்கிளாஸ் மறைக்கல்வி எடுக்கிறேன். எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. டீச்சர் ஒருத்தங்க கல்யாணமாகி போயிட்டாங்க, சிஸ்டர் வந்து என் கையில புக்கை குடுத்துட்டு "இன்னைக்கு மட்டும் பாத்துக்கோ"ன்னாங்க. நாப்பது பிள்ளைங்க. எனக்கு பத்து கட்டளையே வரிசையா சொல்லத் தெரியாது அப்போ. வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த சனிக்கிழமை ராத்திரி உக்காந்து படிச்சேன், அதுக்கடுத்த சனிக்கிழமையும் படிச்சேன், அப்படியே போயிட்டு இருக்கு. தெரிஞ்சதுக்கப்புறம்தான் சொல்லிக்குடுக்கணும்னு காத்துட்டு இருந்திருந்தா நான் இன்னைக்கு வரைக்கும் படிச்சிருக்கவே மாட்டேன்.

திராட்சைத் தோட்டத்து உவமை மத்தேயு 20ல இருக்குல்ல, அதுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு சந்தையில நின்னவங்களைப் பாத்து ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேட்டா, யாரும் எங்களை வேலைக்கு கூப்பிடலைன்னு சொல்வாங்க. அந்த பதில் நேத்து வரைக்கும் உங்ககிட்டயும் இருந்துச்சு. இப்ப கூப்பிட்டாச்சே தம்பி. போப் இரண்டாம் யோவான் பவுல் 1988ல பொதுநிலையினருக்காக, அதாவது நம்மள மாதிரி சாதாரண விசுவாசிகளுக்காக, ஒரு பெரிய மடல் எழுதினாங்க, அதை இந்த உவமைய வெச்சுதான் ஆரம்பிச்சிருப்பாங்க, சாமியார் கன்னியர் மட்டுமில்ல, நீங்களும் தோட்டத்துக்கு போங்கன்னு சொன்னது எல்லாருக்கும்தான்னு.

நாலு வருஷம் கோயிலுக்கு போகலைங்கிறீங்க. இராயப்பர், அதான் பேதுரு, இயேசுவை மூணு தடவை தெரியாதுன்னு சொன்னவரு, அவர்கிட்டதான் ஆண்டவர் மூணு தடவை ஆடுகளை மேய்னு சொன்னாரு. உங்க அன்பியத்துல 32 குடும்பம்னா அதுல ஏழெட்டு வீடாவது இப்ப கோயிலுக்கு வராம இருக்கும். அவங்க வீட்டுக்குள்ள கூச்சமில்லாம போய் உக்கார உங்களாலதான் முடியும், எங்களை மாதிரி சின்ன வயசுலருந்து கோயில்லயே கிடந்தவங்க போனா புத்தி சொல்ல வந்துட்டாங்கன்னு கதவை சாத்திருவாங்க.


பழைய_செயலர்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஆறு வருஷம் பங்குப்பேரவைல, அதாவது பங்கு மக்களோட ஆலோசனைக் குழுவுல, செயலரா இருந்தேன். எந்த ஊர், எந்த பங்குன்னு வேண்டாம். ஆபீஸ் விட்டு நேரா கோயிலுக்கு, கோயில் விட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு. பையன் பத்தாவது எழுதுனது எனக்கு ரிசல்ட் அன்னைக்குதான் மனசுல ஏறுச்சு. கடைசியில ஒரு கட்டட வேலை விஷயத்துல பேரவைல எல்லாரும் ஒண்ணு பேச, முடிவு வேற மாதிரி ஆயிருச்சு, நான் மனசு விட்டு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு மூணு மாசம் பக்கத்து பங்குல போய் பூசை பாத்தேன். அதனால உங்க அப்பா திண்ணையில உக்காந்தது எப்படி இருந்திருக்கும்னு எனக்கு தெரியும் தம்பி.

அப்புறமா ஒரு வயசான சாமியார்தான் உக்கார வெச்சு சொன்னாரு. திருச்சபைச் சட்டம் 536 படி பேரவை ஆலோசனை சொல்ற அமைப்புதான், முடிவு பங்குத்தந்தையோடது. இது எனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா ஓட்டெடுப்புல ஜெயிச்சோம் தோத்தோம்னு மனசுல வெச்சிருக்க மாட்டேன். அதுக்காக வாய மூடிட்டு இருக்கணும்னும் இல்ல, அதே சட்டத்துல 212ல விசுவாசிகள் தங்க கருத்தை மரியாதையோட மேய்ப்பர்கள்கிட்ட சொல்ல உரிமை இருக்கு, சில நேரம் அது கடமைன்னே போட்டிருக்கு. சொல்லணும், எழுத்துல சொல்லணும், சொல்லிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கணும். எனக்கு அந்த கடைசி விஷயம் வரல.

உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். எத்தனை வருஷம்னு ஃபாதர்கிட்ட இப்பவே பேசிக்கோங்க. காசு உங்க ஒருத்தர் கையில மட்டும் இருக்க விடாதீங்க, அன்பியத்துல வசூலாகுறது அம்பது ரூபாயா இருந்தாலும் ரெண்டு பேர் எண்ணி, நோட்டுல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அடுத்த கூட்டத்துல வாசிச்சிருங்க, ஊர்ல அண்ணன் தம்பி பிரிஞ்சது எல்லாம் பாதி இதனாலதான். கூடவே வீட்டுல அவங்க முழு மனசோட சரின்னு சொல்லாம எடுக்காதீங்க.

இன்னொண்ணு, நீங்க கேட்டீங்களே நேர்மையா வேலை பாத்தா போதாதான்னு, அதை சின்ன விஷயமா நினைக்காதீங்க. உலக ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல திருச்சபை பத்தி வெளியிட்ட ஏட்டுல 31ஆம் எண்ணை வாசிங்க, பொதுநிலையினரோட தனி அழைப்பே உலகத்துக்குள்ள, குடும்பத்துக்குள்ள, வேலைக்குள்ள இருந்து மாவுக்குள்ள புளிக்காரம் மாதிரி உள்ளருந்தே மாத்துறதுதான்னு சொல்லும். குடோன்ல லோடு ஏத்துற ஆளுக்கு ஓவர்டைம் காசை பிடிக்காம குடுக்க வைக்கிறதும் ஊழியம்தான். பீடத்துக்கு பக்கத்துல நிக்கிறது மட்டும்தான் சேவைன்னு நினைச்சு நான் ஆறு வருஷத்தை ஓட்டிட்டேன்.


உபதேசியார்_மகள்:

செயலர் அண்ணன் எழுதினத வாசிச்சதும் அப்பா ஞாபகம் வந்துருச்சு, எழுதாம இருக்க முடியல.

எங்க அப்பா நெல்லை பக்கம் ஒரு கிளைப்பங்குல உபதேசியார். சாமியார் மாசத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துல அதுவும் இல்ல. மத்த நாளெல்லாம் கோயில்னா அப்பாதான். காலையில மணி அடிக்கிறது, சாயங்காலம் பிள்ளைகளை உக்கார வெச்சு மந்திரம் சொல்லிக்குடுக்கிறது, கல்யாண ஓலை வாசிக்கிறது, குழி வெட்ட ஆள் கூப்பிடுறது, எல்லாம். ராத்திரி ரெண்டு மணிக்கு யாராச்சும் வந்து உபதேசியாரே, ஆத்தாளுக்கு இழுக்குதுன்னு கதவைத் தட்டுவாங்க, அப்பா அரிக்கேன் லைட்டை எடுத்துட்டு செபப்புத்தகத்தோட கிளம்பிருவாங்க. ஒரு தடவை நானும் கூட போனேன், எனக்கு பத்து வயசிருக்கும். ஒரு கிழவி பாயில கிடந்தா. அப்பா அவ காதுகிட்ட குனிஞ்சு இயேசு மரி சூசைன்னு மெதுவா சொல்லிட்டே இருந்தாங்க, அவ கையை விடவே இல்ல, விடியிற வரைக்கும். சாமியார் வந்து சேர்றதுக்குள்ள அவ போய்ட்டா. அந்த கிழவியோட பேரன் பேத்தி எல்லாம் இன்னைக்கும் என்னைய எங்க பாத்தாலும் உபதேசியார் மகள்னுதான் கூப்பிடுறாங்க, அதான் இங்கயும் இந்த பேரு.

நம்ம பக்கம் வேதம் நின்னதே இப்படித்தான். சவேரியார் 1542ல முத்துக்குளித்துறைக்கு, அதான் தூத்துக்குடி பக்கத்து கடற்கரைக்கு, வந்தாரு, அவரு ஒரு ஊர்லயே உக்காந்திருக்கல, ஊர் ஊரா போய்ட்டே இருந்தாரு. அவரு போனதுக்கப்புறம் செபம் சொல்லிக்குடுக்கவும் சாகக்கிடக்கிற பிள்ளைக்கு தண்ணி ஊத்தவும் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளைய வெச்சுட்டு போனாரு. 1544ல எழுதின கடிதத்துல, சொல்லிக்குடுக்க ஆள் இல்லாததாலதான் இத்தனை பேர் கிறிஸ்தவங்க ஆகலைன்னும், ஐரோப்பாவுல பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள்ல போய் பைத்தியக்காரன் மாதிரி கத்தணும் போல இருக்குன்னும் எழுதியிருக்காரு. கடலோரம் தம்பி, நீங்க அந்த கடற்கரைக்காரர்தானே, உங்க முன்னோருக்கு முதல் முதல்ல பரலோக மந்திரம் சொல்லிக்குடுத்தது அப்படி யாரோ ஒரு கணக்கப்பிள்ளையா இருக்கலாம்.

தேவசகாயம் பிள்ளையையும் நினைச்சுப் பாருங்க, 2022 மே 15ல புனிதர் பட்டம் குடுத்தாங்களே. அவருக்கு முதல்ல கிறிஸ்துவைப் பத்தி சொன்னது சாமியாரா? இல்லையே, டிலனாய்ங்கிற டச்சுக்காரர், குளச்சல் சண்டையில பிடிபட்ட பட்டாளத்து ஆளு. தேவசகாயம் வீட்டுல நஷ்டமும் கஷ்டமுமா மனசு உடைஞ்சு கிடந்தப்ப டிலனாய், எல்லாத்தையும் இழந்தும் நம்பிக்கைய விடாத யோபு கதைய சொன்னாரு, அதுல ஆரம்பிச்சதுதான். 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752ல காத்தாடிமலையில உயிரைக் குடுத்தாரு. கஷ்டத்துல இருந்த கூட்டாளிக்கு ஒரு பட்டாளக்காரர் பக்கத்துல உக்காந்து ஒரு கதை சொன்னாரு, நீங்க எனக்கு பேச வராதுங்கிறீங்க, அந்த அளவு பேச்சு போதும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிடுறேன். அப்பாவுக்கு குடுத்த சம்பளத்துல எங்க வீட்டுல அஞ்சு பேர் சாப்பிட முடியாது, அம்மா பீடி சுத்தித்தான் எங்களை படிக்க வெச்சாங்க. திருச்சபைக்குன்னு முழு நேரமா உழைக்கிறவங்களுக்கு குடும்பம் நடத்துற அளவு ஊதியம் பெற உரிமை இருக்குன்னு சட்டம் 231ல இருக்குங்கிறது அப்பா செத்ததுக்கப்புறம்தான் எனக்கே தெரியும். இதை இங்க வாசிக்கிற பேரவைக்காரங்க, உங்க பங்குல கோயில்பிள்ளைக்கும் உபதேசியாருக்கும் என்ன குடுக்கிறீங்கன்னு தயவுசெஞ்சு ஒரு தடவை பாருங்க.


தாமிரபரணி_சிஎஸ்ஐ:

நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபைக்காரன், கத்தோலிக்க நண்பர்கள் மத்தியில நானும் ஒரு வார்த்தை. ஆண்டவருடைய ஊழியத்துக்கு நேரமில்லை, பணமில்லைன்னு எங்க பாட்டி சொல்லி நான் கேட்டதே இல்லை. காலையில உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து தனிக் கலயத்துல போடுவா. மாசக் கடைசியில எல்லா வீட்டு அரிசியும் சபைக்கு போயி ஊழியத்துக்காகும். வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா ஐயரும் மத்தவங்களும் சேர்ந்து 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கத்தை தொடங்குனப்ப வெளிநாட்டு பணமில்லாம நம்ம ஆட்களை வெச்சு, நம்ம பணத்துல செய்யணும்னுதான் தொடங்குனாங்க, அதை தாங்குனது இப்படிப்பட்ட பொம்பளைங்க கலயந்தான். தெலுங்கு நாட்டுல போய் உழைச்ச மிஷனெரிகளுக்கு பின்னாடி எங்க பாட்டி கைப்பிடியும் இருந்திருக்குன்னு நினைச்சா இப்பவும் சிலிர்க்கும்.

ஷிப்ட் மாறுனாலும் ஒரு கைப்பிடி நேரம் தினம் எடுத்து வைக்க முடியும் தம்பி. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு போன் போட்டு நல்லா இருக்கீங்களான்னு கேட்டாலே மாசத்துக்குள்ள 32 வீடும் கிட்டத்தட்ட முடிஞ்சிரும்.


திங்கக்கிழமை_கூட்டம்:

ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைல நான் 20 வருஷம். கைப்பிடி அரிசி பத்தி வாசிச்சதும் எங்க ரகசியப்பை ஞாபகம் வந்துச்சு, கூட்டம் முடியும்போது ஒரு பை சுத்தி வரும், யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, கைய மூடி உள்ள விட்டு எடுக்கணும் அவ்வளவுதான்.

எங்க சபைய ஆரம்பிச்ச ஓசானாம் கதை உங்களுக்கு பொருந்தும். பாரிஸ்ல சட்டம் படிச்ச பையன். விவாத மன்றத்துல திருச்சபையோட பழைய பெருமை எல்லாம் பேசிட்டு இருந்தப்ப எதிர்த்தரப்பு ஆள், சரி அதெல்லாம் அப்போ, இப்ப ஏழைகளுக்கு நீங்க என்ன செய்றீங்கன்னு கேட்டுட்டான். இவருக்கு பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி தங்கிட்ட மிச்சமிருந்த விறகை நண்பரும் இவரும் ஒரு ஏழை வீட்டுக்கு தூக்கிட்டு போனாங்கன்னு சொல்வாங்க. 1833 ஏப்ரல் 23ல முதல் கூட்டம், அன்னைக்குதான் அவருக்கு 20 வயசு முடியுது. ஏழைங்க வீட்டுக்கு எப்படி போறது, எப்படி பேசுறதுன்னு கூட தெரியாது, ரோசாலிங்கிற சிஸ்டர்தான் வழி காட்டுனாங்க. பிறகு பேராசிரியர் ஆனாரு, கல்யாணம் பண்ணுனாரு, ஒரு பொண்ணு. குடும்பஸ்தரா இருந்துதான் 1997ல அருளாளர் பட்டம்.

நாங்க எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் வீடு சந்திக்க போவோம், தனியா போறதில்ல. நீங்களும் அப்படியே செய்ங்க, வீட்டம்மாவை கூட்டிட்டு போங்க, நர்ஸ்ங்கிறீங்க, பிரஷர் பாத்து சொன்னாலே பாதி வீட்டுல உங்களை விட மாட்டாங்க. போற வீட்டுல முதல் நாளே பைபிளை திறக்காதீங்க. முதியோர் உதவித்தொகை வருதா, ரேஷன் கார்டுல பேர் இருக்கா, ஆஸ்பத்திரி காப்பீட்டு அட்டை எடுத்தாச்சான்னு கேளுங்க. எங்க பங்குல ஒரு பாட்டி, கணவர் செத்து நாலு வருஷமா விதவை உதவித்தொகைக்கு மனு போடத் தெரியாம இருந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் தினமும் பூசைக்கு போறவங்க, ஒருத்தரும் கேக்கல, நானும் அதே தெருவுல ரெண்டு வருஷம் குடியிருந்தவன்.


கடலோரம்86:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் வீட்டுல சத்தமா வாசிச்சேன். உபதேசியார் மகள் அக்கா எழுதினத வாசிக்கும்போது எங்க வீட்டுல அவங்க அழுதுட்டாங்க.

நேத்து நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா பழைய ஒருங்கிணைப்பாளர் அங்கிளை பாக்க போனேன். நெஞ்சுல தையல் போட்ட இடத்தை பிடிச்சுக்கிட்டே எழுந்து வந்து ஒரு நாப்பது பக்க நோட்டை குடுத்தாரு. 32 குடும்பத்துக்கும் ஒவ்வொரு பக்கம். யாருக்கு எந்த தேதியில கல்யாண நாள், எந்த வீட்டுல சர்க்கரை, எந்த பையன் வேலை தேடுறான், எல்லாம். எங்க பக்கத்தை திருப்பிப் பாத்தேன். "வெக்கப்படுவார். கட்டாயப்படுத்த வேண்டாம். பாப்பா நல்லா பாடும்" அப்டின்னு எழுதியிருந்துச்சு. ஒம்போது வருஷத்துல அவர் எங்க வீட்டுக்கு வந்தது மூணே தடவை, ஒரு தடவை நான் தூங்குறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதை அவர்கிட்ட சொல்லி மன்னிப்பு கேட்டேன்.

ஃபாதர்கிட்ட சரின்னு சொல்லியாச்சு, ஒரு வருஷத்துக்கு, நானும் வீட்டுல அவங்களும் சேர்ந்து, கூட்டம் எனக்கு லீவு விழுற நாள்லதான்னு. காசு கணக்கு மாடி வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து. ஃபாதர் எல்லாத்துக்கும் சரின்னாங்க. ஊருக்கு போன் போட்டு அப்பாகிட்டயும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு நோட்டுல தேதி போட்டு எழுதுன்னு மட்டும் சொன்னாங்க.

ஒரு சந்தேகம். கூட்டத்துல நற்செய்திய வாசிச்சு பேசிக்கிற நற்செய்திப் பகிர்வு எப்படி நடத்துறது? எனக்கு விளக்கம் சொல்ல எல்லாம் தெரியாது.


சாக்பீஸ்_டீச்சர்:

விளக்கமே சொல்ல வேண்டாம் தம்பி, ஏழு படி முறைன்னு இருக்கு, அதையே வெச்சுக்கோங்க. யாராவது ஒருத்தர் ரெண்டு வரியில ஆண்டவரை அழைச்சு செபம் சொல்லணும். அந்த ஞாயிறு நற்செய்திய வாசிக்கணும். அப்புறம் அவங்கவங்களுக்கு பிடிச்ச வார்த்தைய மூணு தடவை மெதுவா சொல்லணும், நடுவுல அமைதி விட்டு. மறுபடி வாசிச்சிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் முழு அமைதி, இதுல பிள்ளைங்க சத்தம் போட்டா போடட்டும். அடுத்து மனசைத் தொட்டதை விருப்பம் இருக்கிறவங்க பகிர்ந்துக்கணும், பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சா நீங்க அடுத்தவரைப் பாத்து சிரிங்க, அவங்களே நிறுத்திருவாங்க. ஆறாவது படி இந்த மாசம் நாம என்ன செய்யப் போறோம், யார் செய்றது, எப்பன்னு பேசுறது. ஏழாவது செபம், பாட்டோட முடிச்சிருங்க, பாட்டுக்கு பாப்பா இருக்கா.

நேரமாச்சுன்னு நிறைய அன்பியத்துல ஆறாவது படியைத்தான் விட்டுடுறாங்க. அதை விட்டா மிச்ச ஆறும் செஞ்சு டீ குடிச்சிட்டு கலைஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு வேலையாவது பேர் போட்டு, தேதி போட்டு எழுதிக்கோங்க.


கடலோரம்86:

கூட்டம் முடிஞ்சுது. 32ல 11 வீடு வந்தாங்க, அங்கிள் வீட்டுலயே வெச்சோம், அவருக்கு படி ஏற வேண்டாம்னு. எனக்கு குரல் நடுங்குச்சு, பொண்ணு பாட்டை எடுத்ததும் சரியாயிருச்சு.

ஆறாவது படியில எழுதினது: கடைசித் தெருவுல இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கிற பாட்டி, ஏழு மாசமா நற்கருணை வாங்கலையாம். அடுத்த முதல் வெள்ளி ஃபாதரை கூட்டிட்டு போறது, நானும் மாடி வீட்டு அக்கா வீட்டுக்காரரும், காலை ஆறரை. அன்னைக்கு எனக்கு நைட் ஷிப்ட் முடியிறது ஆறு மணிக்கு, யூனிஃபார்மோடயே போயிருவேன்.